எம்.சி.ஆர். செருப்பு: ஊர் சொல்வதா, கால் சொல்வதா?

வேலூரில் ஐடா ஸ்கடர் சாலைப் பக்கம் செருப்புக் கடையிலும் மருத்துவ உபகரணக் கடையிலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு, கேட்டு வருபவர் தனியாக வருவதில்லை. மகனோ மருமகளோ கூட வருகிறார்கள். கடைப் பையன் ஒரு ஜோடியை எடுத்து வைக்கிறான். "போடப் போட லூசாகிடும் பெரியவரே" என்கிறான். மகன் கலரைப் பார்க்கிறார். போனில் மச்சான், தான் போன வருடம் வாங்கியதைப் பற்றிச் சொல்கிறார். பத்து நிமிடத்தில் பில் போட்டாகிவிட்டது. அந்தச் செருப்பைச் சுமக்கப்போகிற காலிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொருளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடலாம். ஒழுங்காகச் செய்த எம்.சி.ஆர். செருப்பு மிக நல்ல செருப்பு. சர்க்கரை நோயாளிக்கும், உணர்ச்சி குறைந்த பாதத்துக்கும், குதிகால் கொழுப்பு மெலிந்துபோன வயதானவர்களுக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் அது வேலை செய்வது உங்கள் பாதத்தின் அளவுக்கும் நிலைமைக்கும் பொருந்தினால் மட்டும்தான். அந்தப் பொருத்தத்தை அடுத்தவர் வாய் தீர்மானிக்க முடியாது. உங்கள் கால்தான் சொல்ல வேண்டும். கால் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், அதற்குப் பதிலாக உங்கள் கையும் கண்ணும் சொல்ல வேண்டும்.

இந்தச் செருப்பின் கதையே அதுதான். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி உதிரும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். அவரும் கூட இருந்தவர்களும் நோயாளிகளின் கைகால்களை நாள்தோறும் கவனித்து வேறு ஒரு முடிவுக்கு வந்தார்கள். சதையில் கோளாறு இல்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போனதுதான் கோளாறு. வலி தெரிகிறவர் செருப்பில் சின்னக் கல் புகுந்தாலும் நின்று உதறுவார். ஒரு இடம் கன்றினால் அவரை அறியாமலே நடையை மாற்றி அந்த இடத்துக்கு ஓய்வு கொடுப்பார். வலி தெரியாதவர் அதே இடத்தை நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை அதே வேகத்தில் தரையில் அடிப்பார். சிவப்பு கொப்புளமாகும், கொப்புளம் புண்ணாகும், புண் எலும்பு வரை போகும்.

அப்படியானால் அழுத்தத்தை ஒரே இடத்தில் குவியவிடாமல் பரப்ப வேண்டும். வேலூரிலும், 1955-இல் தொடங்கிய காரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பல பொருட்களைப் போட்டுப் பார்த்த பிறகு நிலைத்தது மைக்ரோ செல்லுலார் ரப்பர். அதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர். ரப்பருக்குள் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஆயிரக்கணக்கான காற்றறைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை. அதனால் ஸ்பாஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சாது. மிதித்தால் எலும்பு துருத்தும் இடத்தில் அதிகம் இறங்கும், மற்ற இடத்தில் குறைவாக இறங்கும். எடை பாதம் முழுக்கப் பரவும். காலை எடுத்ததும் பழைய உயரத்துக்கு வந்துவிடும்.

எனவே கடைக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் விலை இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. உங்கள் கால் இன்னும் பேசுகிறதா என்பதுதான். வீட்டிலேயே பார்க்கலாம், ஒரு நிமிடம் போதும். செருப்பு, சாக்ஸ் கழற்றிப் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் ஆள்காட்டி விரலின் நுனியால் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். இரண்டு காலுக்கும் சேர்த்து மொத்தம் ஆறு இடம். ஒன்று அல்லது இரண்டு விநாடி, பூப்போல. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. தொட்டது தெரிந்ததும் 'வலது', 'இடது' என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்று அதே இடத்தைத் திரும்பத் தொடக் கூடாது, அது ஏமாற்றுவதாகிவிடும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அங்கே மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை வைத்துப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. பெருவிரலிலும் முன்பாதத்தில் விரல்கள் தொடங்கும் எலும்பு முனைகளிலும் வைத்து, இழை வளையும் வரை அழுத்துவார்கள். காய்ப்பு உள்ள இடத்தில் வைத்தால் கணக்கு தப்பும்.

ஆறு இடமும் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் கால் நல்ல சாட்சி. அதை நம்புங்கள். நம்புவது என்றால் போட்டுப் பார்த்தவுடன் 'நல்லா இருக்கு' என்று தலையாட்டுவது இல்லை. கேட்கிற மாதிரிக் கேட்க வேண்டும். சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் பொருந்தியது அப்போது பிடிக்கும். இரண்டு காலையும் போடுங்கள், இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், பெரிய காலுக்கு வாங்குங்கள். உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள், எடை ஏறினால்தான் பாதம் நீண்டு அகலும். கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். கூட வந்தவர்களைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடி நின்று, விரல்கள் விரிகின்றனவா, குதிகால் நழுவுகிறதா, எந்த வார் எங்கே உராய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். 'ஏதோ ஒரு மாதிரி இருக்கு' என்று தோன்றினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தைச் சொல்லத் தெரியாவிட்டாலும் அந்த ஜோடியைத் திருப்பி வையுங்கள். கடையில் உறுத்தியது தெருவில் உறுத்தாமல் இருக்காது. 'லூசாகிடும்' என்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. தோல் வார் கொஞ்சம் தளரும். உள்ளே இருக்கும் ரப்பரின் நீளமும் அகலமும் ஒருபோதும் வளராது.

இங்கிலாந்து அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். அதனால் '8 இறுக்கிப் பிடிக்கிறது, 9 பெரிதாக இருக்கிறது' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, பாதி சைஸ் இருக்கும் கடையைத் தேட வேண்டும். அதைவிட முக்கியம் அகலம். நம் ஆட்களுக்கு முன்பாதம் அகலம், சின்ன வயதிலிருந்து திறந்த செருப்பிலும் வெறும் காலிலும் நடந்த பாதம். அகலம் போதவில்லை என்று ஒரு சைஸ் நீளம் கூட்டி வாங்குவது எல்லோரும் செய்கிற தவறு. அப்படி வாங்கினால் செருப்பு வளையும் இடமும் பாதம் வளையும் இடமும் ஒன்றுக்கொன்று நேராக வராது, நடக்க நடக்க முன்பாதம் எரியும்.

இனி பேசாத கால். இங்கேதான் பலர் மோசம் போகிறார்கள், நன்றாகப் படித்தவர்களும் உட்பட. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு லேசான தொடுகை தெரியாது, அழுத்தம் மட்டும்தான் தெரியும். எனவே சரியான அளவுச் செருப்பு அதற்கு 'கழன்று விழுகிற மாதிரி' இருக்கும். ஒரு சைஸ் சின்னதை மாட்டி இறுக்கினால் 'ஆங், இப்போதான் பிடிக்குது' என்று நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிதான் புண்ணின் ஆரம்பம். உள்ளே இருந்து வரும் குரலை நம்பு என்று சொல்லும்போது இந்த ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: கம்பி அறுந்த போனில் கேட்பது குரல் இல்லை, வெறும் இரைச்சல்.

அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்ப வேண்டும் என்று ஆகாது. அவருக்கும் உங்கள் கால் தெரியாது. சாட்சியைத்தான் மாற்ற வேண்டும். வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து அதன் மேல் முழு எடையோடு நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து ஒருவரைப் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் அளவு குறைந்துவிடும். இரண்டு காலுக்கும் தனித்தனித் தாள். கத்தரித்து எடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். திறந்த செருப்பானால் தாள் உள் ரப்பரின் மேல் முழுதாக உட்கார வேண்டும், முன்னும் பின்னும் சுமார் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் மிஞ்ச வேண்டும், பக்கவாட்டில் எங்கும் தாள் வெளியே தொங்கக் கூடாது. மூடிய ஷூவானால் தாளை உள்ளே நுழைத்துப் பாருங்கள். ஓரம் மடங்கினால் அந்த இடத்தில் உங்கள் கால் மடங்கும். மூடிய ஷூவில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நீளமான விரல் எப்போதும் பெருவிரலாக இருக்காது, நம்மில் நிறைய பேருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இந்தத் தாள் பொய் சொல்லாது, யாருக்கும் பயந்து தலையாட்டாது.

அடுத்தது ரப்பர். கடைகளில் 'எம்.சி.ஆர்.' என்று எழுதி விற்பதெல்லாம் எம்.சி.ஆர். இல்லை. பல ஜோடிகளில் உள்ளே இருப்பது ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் ஃபோம். அது கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை, ஓட்டப் பந்தய ஷூவில் அதுதான் இருக்கிறது. ஆனால் மெல்லிய மலிவு ஈ.வி.ஏ. ஒரே இடத்தில் தொடர்ந்து மிதிபட்டால் சில வாரத்திலேயே அமுங்கி அப்படியே நின்றுவிடும், திரும்ப எழும்பாது. கடையில் போட்டுப் பார்க்கும்போது மெத்தை போல இருப்பதும் அதுதான். அந்த முதல் மெத்தை சுகத்தில் மயங்கி வாங்கியவர்கள்தான் மூன்று மாதத்தில் வந்து 'எம்.சி.ஆர். ஒண்ணும் சரியில்லைங்க' என்கிறார்கள். அவர்கள் எம்.சி.ஆரைப் போட்டே பார்க்கவில்லை.

கையால் சோதிப்பது எளிது. செருப்பின் ஓரத்தில் உள் ரப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து நன்றாக அழுத்துங்கள். பாதி கனத்துக்கு இறங்க வேண்டும். விட்டதும் உடனே எழும்ப வேண்டும். இறங்கவே மறுத்தால் கெட்டி ரப்பர், சாதாரண ஹவாய்ச் செருப்புக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஒன்றுமில்லாமல் ஒட்டிப்போகும் அளவுக்கு இறங்கினால் உங்கள் எடைக்கு அது தாங்காது. நகத்தால் ஒரு கோடு அழுத்திப் பாருங்கள், கோடு மறைய வேண்டும். மருத்துவமனைப் பணிமனைகளில் இதையே கருவி வைத்து, ரப்பரின் கடினத்தைக் காட்டும் ஷோர் ஏ அளவில் சொல்வார்கள், சுமார் 15 முதல் 20 வரை இருந்தால் சரி. கனம் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். துளைகள் ஊசிமுனை அளவில் ஒரே சீராக இருந்தால் ஒழுங்காக வெந்த ரப்பர். அங்கங்கே பெரிய பொந்து தெரிந்தால் அந்த இடம் சீக்கிரம் குழியும்.

மெத்தென்று இருக்கிறதே என்று அடியிலும் எம்.சி.ஆரையே போட்ட ஜோடிகளும் வருகின்றன. வேண்டாம். பாலாற்றங்கரையில் ஒரு சீமைக்கருவேல முள் போதும், அடியிலிருந்து பாதம் வரை ஊசி போல ஏறிவிடும். முள் ஏறியது தெரியாத காலுக்குத்தான் இந்தச் செருப்பு. மேலே மெத்தென்ற எம்.சி.ஆர்., அடியில் தேயாத கெட்டி ரப்பர், இரண்டும் பசையால் ஒட்டி ஓரம் தைத்திருக்க வேண்டும். ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ரப்பர் தேயும்போது ஆணி மேலே வரும். தெருவோரம் அவசரத்துக்குத் தைக்கக் கொடுத்தால் அவர் வழக்கப்படி இரண்டு ஆணி அடித்துத் தருவார், அவர் மேல் தப்பில்லை. 'ஆணி வேணாம்ணே, தைச்சு மட்டும் குடுங்க' என்று கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் முழுக்கக் கையால் ஒரு முறை தடவிப் பாருங்கள். இதைத் தினமும் காலையில் போடும் முன் செய்ய வேண்டும், முதல் நாளோடு விடக் கூடாது.

வார் விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மாட்டும் பட்டையுள்ள செருப்பு உணர்ச்சி குறைந்த காலுக்கு ஆகாது. அது கழலாமல் இருக்க விரல்கள் எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இடுக்கில் அறுத்தாலும் தெரியாது. பெருவிரல் வளையமும் அப்படியே. முன்னால் குறுக்கே இரண்டு அகலமான வார், பின்னால் குதிகாலைச் சுற்றி ஒன்று, மூன்றிலும் வெல்க்ரோ. சாயங்கால வீக்கத்துக்குத் தளர்த்தலாம், பின்வார் இருப்பதால் நடையில் செருப்பு கழன்று போகாது. கழன்றால் அதைத் தெரிந்துகொள்ள உணர்ச்சி வேண்டுமே. பின்வார் இல்லாமல் நடந்து, செருப்பு எங்கேயோ விழுந்தது தெரியாமல் வெறும் காலோடு வீடு வரை வந்தவர்கள் உண்டு. வாரின் உள்விளிம்பை மடித்துத் தைத்து மெல்லிய தோல் அஸ்தர் கொடுத்திருக்கிறார்களா என்று விரலால் ஓட்டிப் பாருங்கள். வெட்டிய விளிம்பு அப்படியே இருந்தால் அது கத்தி. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் ஊர்கள் இருக்க, வாருக்கு ரெக்சின் போட்டுக் கொடுப்பது மனசுக்கு வருத்தமாக இருக்கிறது. ரெக்சின் வியர்வையை விடாது, மடியும் இடத்தில் வெடித்துக் கூராகும்.

எங்கே வாங்குவது? ஆயத்தமாகத் தொங்கும் ஜோடிகள், பாதம் இயல்பான வடிவத்தில் இருப்பவர்களுக்குப் போதும். ஐடா ஸ்கடர் சாலைக் கடைக்காரர்களுக்கு வங்காளியும் இந்தியும் பழகிவிட்டன, வெளிமாநில நோயாளிகளின் அவசரமும் பழகிவிட்டது. அதனால் எல்லோருக்கும் அதே வேகத்தில் எடுத்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் கூட்டமில்லாத நாளில் போங்கள், தாளைக் காட்டி அளவு கேளுங்கள், மாற்றித் தருவார்களா என்பதை பில்லுக்கு முன் கேளுங்கள். மருத்துவமனைப் பணிமனையில் அளவெடுத்துச் செய்வது விலை கூடும், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் விரல் வளைந்தவர்கள், முன்பாதத்தில் எலும்பு துருத்தியவர்கள், ஒருமுறை புண் வந்து ஆறியவர்கள் அங்கேதான் போக வேண்டும். ஆயத்தச் செருப்பில் அவர்களுக்கு இடம் கிடையாது. பாத வடிவத்துக்கு வார்த்த உள்தளமோ, முன்புறம் வளைந்த ராக்கர் சோலோ தேவைப்படலாம். ராக்கர் என்றால் தொட்டில் போல அடி உருண்டு நகரும், விரல் மூட்டு மடியாமலே நடக்கலாம். புண் இப்போது திறந்திருந்தால் எந்தக் கடைக்கும் போகாதீர்கள், அதற்கு முதலில் வேண்டியது வைத்தியம்.

மற்றவர்கள் பேச்சு என்று வரும்போது வேலூர்ப் பக்கத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காரிகிரி இங்கேதான் இருக்கிறது. இரண்டு மூன்று தலைமுறையாக இந்த வடிவச் செருப்பைப் பார்த்தால் 'தொழுநோய்க்காரங்க செருப்பு' என்று அடையாளம் சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து, சர்க்கரையால் கால் மரத்தவர்கள் இன்றைக்கும் இதை வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கும் கடைத்தெருவுக்கும் கூர்முனை ஷூவிலும் குதிகால் உயர்ந்த செருப்பிலும் போகிறார்கள். அதிகம் நடப்பதும் நிற்பதும் அந்த நாட்களில்தான். முகூர்த்தத்தில் மூன்று மணி நேரம் நின்று வந்த இரவில் கொப்புளத்தைக் கவனிக்காமல் படுத்துவிடுகிறார்கள். ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடும். டிரெஸ்ஸிங் செய்துகொண்டு மாதக்கணக்கில் உட்காரப்போவது நீங்கள். இப்போது அதே உள்தளத்தை வைத்து, பார்வைக்குச் சாதாரண சாண்டல் போலவும், முன்பக்கம் மூடிய ஷூ போலவும் செய்கிறார்கள். அந்தக் கூச்சம் தீராதவர்கள் தாராளமாக அப்படிக் கேட்டு வாங்கலாம். தாய்மார்கள் புடவைக்குப் பொருந்துகிற கலரைக் கேட்பதிலும் ஒரு தப்பும் இல்லை, போட்டுக்கொண்டால் சரி.

அன்போடு சொல்லப்படும் யோசனைகளும் உண்டு. முள் முள்ளாக எழும்பிய அக்குபிரஷர் செருப்பை மகள் ஆசையாக வாங்கிக் கொடுப்பாள். உணர்ச்சியுள்ள காலுக்கு அது எப்படியோ போகட்டும், மரத்த காலுக்கு ஒவ்வொரு முள்ளும் எடையை ஒரு புள்ளியில் குவிக்கும் கருவி. எம்.சி.ஆர். செய்யும் வேலைக்கு நேர் எதிர். 'காலையில் புல்லில் வெறும் காலோடு நட' என்பதும் அப்படித்தான். குதிகால் வலிக்கு எம்.சி.ஆர். வாங்கச் சொல்வதும் சகஜம். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் சுரீரென்று வலித்து, நடக்க நடக்கக் குறைகிற வலியானால் உங்கள் கால் நன்றாகவே பேசுகிறது. எம்.சி.ஆர். கொஞ்சம் இதம் தரும். பாதக்குழிவைத் தாங்கும் மேடு உள்ள செருப்பும், கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் அதைவிட அதிகம் உதவும்.

புதுச் செருப்பை வாங்கிய அன்றே திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம். கழற்றியதும் பாதத்தை மேலும் கீழும் விரலிடுக்கிலும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் காலை நீட்டிப் பார்க்கலாம். சிவந்த இடம் இருந்தால் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் மறைந்தால் கவலையில்லை. அதற்கு மேலும் நின்றால் அந்த இடத்தில் செருப்பு அழுத்துகிறது, வாரைத் தளர்த்தியும் போகவில்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். நம் மாநிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் கண்ணோடு கையும் வேண்டும். புறங்கையால் இரண்டு பாதத்தையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றித் தொடுங்கள், இடது பெருவிரல் அடி, வலது பெருவிரல் அடி என்று. ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே சதை கன்றுகிறது என்று அர்த்தம். தோல் வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்கள் இரண்டுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். புண் வெளியே தெரிவதற்கு முன்பே இந்தச் சூடு வந்துவிடும். வலி போய்விட்ட காலில் மிஞ்சியிருக்கும் குரல் இதுதான், படுக்கப் போகும் முன் தினமும் ஒரு நிமிடம் அதைக் கேட்டுவிடுங்கள். சிவப்பு இல்லை, சூடு இல்லை என்றால் மறுநாள் ஒரு மணி, அதற்கடுத்த நாள் இரண்டு மணி என்று ஏற்றிக்கொண்டு போகலாம்.

கோவில் விஷயம் இந்த ஊரில் தவிர்க்க முடியாது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவில் பிரகாரமானாலும் ரத்தினகிரிப் படியானாலும் செருப்பை விட்டுத்தான் போக வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் கருங்கல் நெருப்பாக இருக்கும். சூடு தெரிகிறவர் ஓடிப்போய் நிழலில் நிற்பார். தெரியாதவர் நிதானமாகச் சுற்றிவிட்டு வருவார், இரவு பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். காலை ஏழு மணிக்குள் போங்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்து கல் ஆறிய பிறகு போங்கள், கெட்டியான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அர்ச்சகர் முகம் சுளிப்பாரோ என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. சர்க்கரைக் கால் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள்.

பராமரிப்பில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். மாடி வெயிலில் காயப்போட்டால் ரப்பர் இறுகும், தோல் வார் விறைக்கும். மாற்றிப் போட இரண்டு ஜோடி இருந்தால் ரப்பருக்கு எழும்ப நேரம் கிடைக்கும், இரண்டும் நீண்ட நாள் வரும்.

எப்போது மாற்றுவது என்பதற்கும் காலண்டரைப் பார்க்க வேண்டாம். மாதம் ஒருமுறை குதிகால் படும் இடத்திலும் பெருவிரல் அடியிலும் கட்டைவிரலால் ஓங்கி அழுத்துங்கள். அடியில் இருக்கும் கெட்டி ரப்பர் விரலுக்குத் தட்டுப்பட்டால் எம்.சி.ஆர். செத்துவிட்டது. மேல்பாகம் புதிது போலவே இருக்கும், வாரும் தையலும் நன்றாக இருக்கும், 'இன்னும் ஒரு வருஷம் ஓடும்' என்று வீட்டில் சொல்வார்கள். உள்தளத்தை மட்டும் மாற்றித் தரும் பணிமனைகள் இருக்கின்றன, புது ஜோடியைவிடச் செலவு குறைவு. பழைய உள்தளத்தைத் தூக்கிப் போடாமல் கூட எடுத்துப் போங்கள். எங்கே ஆழமாகக் குழிந்திருக்கிறது என்று அதைப் பார்த்தாலே செய்பவருக்கு உங்கள் கால் எங்கே அதிகம் மிதிக்கிறது என்று தெரிந்துவிடும், புதியதில் அந்த இடத்துக்கு நேர் கீழே குழி கொடுத்துத் தரச் சொல்லலாம்.